இரண்டு கட்டை இறக்கி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இங்கே உன் தங்கையின் தொண்டை சுகமில்லை, அதனால் அந்த வரியை முழுசாக எழுத மனசு வரவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நம் குழுவின் கச்சேரி. வழக்கம்போல எல்லோரும் குடைப் பாட்டைக் கேட்டார்கள், நீ ஒன்பது வயதில் பாடி நம்மை ஊருக்கெல்லாம் தெரியவைத்த பாட்டாயிற்றே, அதைப் பாடாமல் மேடையை விட்டு இறங்க விடுவார்களா. உன் அப்பா இன்னும் அதை உன் குரலுக்கு வைத்த சுருதியிலேயேதான் வாசிக்கிறார். சின்னவளுக்கு அந்த உயரம் எட்டாது என்று கேட்கிற எவருக்கும் தெரியும், கீபோர்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த மனுஷனைத் தவிர. உச்ச வரியில் அவள் குரல் பிசிறி நின்றே போய்விட்டது, ஜனங்களே அந்த வரியைப் பாடிக் காப்பாற்றினார்கள். அப்பாவோ வேனில் ஏறியதும், "பாத்தியா, ஜனங்க இன்னும் நம்மள மறக்கல" என்று பூரித்துப் போனார், பின் சீட்டில் சின்னவள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதது அவருக்குத் தெரியவே இல்லை. நான் டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், ஒரு குச்சியை எடுத்து அவர் மண்டையில் ஒரு தாளம் போட்டிருக்க வேண்டும்.

தொண்டை டாக்டரிடம் காட்டினோம். குரல் நாணில் சின்னதாகக் காய்ப்பு விழுந்திருக்கிறதாம், "இப்படியே கத்திப் பாடினா அப்புறம் பேச்சும் கம்மிடும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இருபதாம் தேதி பழைய பாட்டுகளை எல்லாம் புதிதாக ரெக்கார்டிங் செய்ய ஏற்பாடாகியிருக்கிறது, அதற்குள் சுருதியை இறக்குங்கள் என்று நானும் உன் தம்பியும் தொண்டைத் தண்ணி வற்றக் கெஞ்சியாயிற்று. அதற்கு உன் அப்பா சொல்கிற பதில் என்ன தெரியுமா, "பெரியவ வந்துட்டா மறுபடி ஏத்தணும், எதுக்கு ரெண்டு வேலை" என்கிறார். எல்லாம் உன் ஒரு வார்த்தையால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அவர் "எப்பம்மா வர்ற" என்று கேட்பதும், நீ "பாக்கலாம்ப்பா" என்பதும். போனை வைத்ததும் "பாக்கலாம்னு சொல்லிட்டா" என்று எங்களுக்கு அறிவிப்பார், நீ டிக்கெட் எடுத்துவிட்டதைப்போல. மேடையில் இன்னும் ஐந்தாவது மைக்கை வைக்கச் சொல்கிறார், சவுண்ட்காரர் என்னிடம் வந்து "அது யாருக்கும்மா, ஆவிக்கா" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போகிறார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் சொன்னாயே, "எனக்குப் பாடப் பிடிச்சதே இல்லம்மா, ஒன்பது வயசுலேர்ந்தே, இந்த பஸ் டைம் டேபிள் போடுற வேலைதான் நிம்மதியா இருக்கு" என்று. அன்றைக்கு உன்னை ஒரு அறை விடவேண்டும்போல இருந்தது, பிறகு எனக்கே ரெண்டு விட்டுக்கொள்ளலாம்போல இருந்தது, பதினாறு வருடம் உன் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வாசித்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே. "அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாதம்மா" என்றாய், நானும் வாயை மூடிக்கொண்டு ஒரு வருடம் இருந்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது சின்னவள் தொண்டை கட்டுகிறது.

புதன்கிழமை அப்பா கீபோர்டைப் பழுது பார்க்க எடுத்துப் போயிருந்தார். டாக்டர் மெதுவாகப் பாடிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்ததால் சின்னவள், "ரெண்டு கட்டை இறக்கிப் பாடட்டுமாம்மா" என்று பயந்து பயந்து கேட்டாள். தம்பி பேஸ் கிடாரை எடுத்தான், நான் உட்கார்ந்தேன். அடடா, அந்தக் குரல் இவளிடம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, கனமாக, நிதானமாக, மேலே ஏறத் திணறாமல் வந்தது. அப்பா திரும்பி வந்து வாசலிலேயே நின்று முழுப் பாட்டையும் கேட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ வந்தா என்ன பண்றது" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

ஆகையால் இனி போனில் மழுப்பாதே. அவருக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, வரமாட்டேன் என்று தெளிவாக எழுது, இருபதாம் தேதிக்கு முன்னால் வந்து சேரும்படி போடு. அவர் உடைந்து போவார், தெரியும், நான் பக்கத்தில் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால் வலிக்கும், எனக்கும் எழுத வலிக்கிறது. நீ போன பிறகும் என் கை உன் மூச்சுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை அது சின்னவளின் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாட்டு முடிந்து குச்சிகளைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உன் ஞாபகமே வந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உன் வேலையில் நீ நன்றாக வரவேண்டும், ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். கடிதத்தை அப்பா பெயருக்கே போடு, என் பெயருக்கு வேண்டாம்.

உன்மேல் கோபமும் பாசமும் மாறாத
அம்மா