உறையின் பின்பக்கம்

என்னங்க,

நடக்கப் போன உங்களை இன்னும் காணோம். இரண்டு தடவை வாசலில் எட்டிப் பார்த்துவிட்டேன். அச்சகத்துக்கு நேரமாகிவிட்டது. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள்.

நேற்று சர்க்கரை 260 காட்டியதும், "கடையில எதையோ தின்னுட்டு வந்து பொய் சொல்றீங்க" என்று கத்தினேன். "நீ குடுத்ததைத் தவிர எதையும் தொடல" என்றீர்கள். நான் நம்பவில்லை.

காலையில் உங்கள் பையைத் துழாவினேன். கிடைத்தது நான் தினமும் வைக்கும் தானிய பாரின் உறைதான். திருப்பிப் படித்தேன். ஓட்ஸுக்கு அடுத்து சர்க்கரைப் பாகு, அதற்கடுத்து தேன். ஒன்றில் மூன்று ஸ்பூன் சர்க்கரை. முன்பக்கத்து இதயப் படத்தை நம்பி இரண்டு மாதமாக நான்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை தேடுகிறவள் கண்ணில் இது படவில்லை.

மீதி பார்களை எடுத்துப் போகிறேன். நாலு மணிப் பசிக்கு வறுத்த கடலை, ஒரு கைப்பிடி மட்டும்.

திட்டுவதென்றால் போனில் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பி.கு: மதியம் உங்கள் அக்கா நம் சைக்கிள் கடைக்கே வருவார். உங்களைக் கண்டிக்கச் சொல்லி நேற்று நான்தான் போன் செய்தேன். தப்பு என்னுடையது என்று சொல்ல இப்போது கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. இந்தச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வந்ததும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.