சுக்கு வாசனை அடிக்கும் சட்டை

மட்டாஞ்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுபாஷிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா என்னைவிட ஒரு பிடி கூடுதல் சௌக்கியம், அந்த ஒரு பிடிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நீயும் மாப்பிள்ளை சங்கர்ராமும் அந்தக் குளிரில் நன்றாக இருக்க எர்ணாகுளத்தப்பனிடம் சொல்லியிருக்கிறேன். இதை வாட்ஸாப்பிலேயே எழுதலாம், ஆனால் என் ஃபோனைச் சார்ஜில் போடுகிறவர் உன் அப்பா, போடும் சாக்கில் படிக்கவும் செய்வார். தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், மெதுவாகவே படி, பாதியில் மாப்பிள்ளையிடம் நீட்டாதே.

போன வாரம் வீடியோ காலில் கேட்டாயே, ரிட்டயர் ஆன பிறகுதான் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலமாமே, உங்க ரெண்டு பேரையும் பார்த்தா நானும் வேலையை விட்டுடலாம்னு தோணறது என்று. உன் அப்பா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார், நானும் கூடச் சேர்ந்து ஆட்டினேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன் கேள். பாங்கிலிருந்து ரிட்டயர் ஆன அன்று அவர் என்ன சொன்னார், உன் தையல் கிளாஸையும் நிறுத்திடு பாக்யம், காலம்பற அவசரமில்லாம காப்பி, சாயங்காலம் போட் ஏறி வைப்பின் தீவு வரைக்கும் சும்மா போயிட்டு வருவோம், பேசிண்டே இருப்போம் என்றார். கல்யாணமான நாளிலிருந்து பேசாத மனுஷன் பேசுகிறேன் என்கிறாரே என்று நானும் மயங்கி, படிக்க வந்த பெண்களை அனுப்பிவிட்டு, மெஷினைக் கீழ்வீட்டுக் கங்காவுக்குத் தூக்கிக் கொடுத்தேன். போட்டில் ஒரே ஒரு தடவை போனோம், அன்றைக்கும் மழை. அதற்குப் பிறகு தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் லைப்ரரிக்கு என்று கிளம்பிவிடுகிறார்.

லைப்ரரிக்குப் போகிறவர் சட்டையைத் துவைத்தால் எனக்கு ஏனடி தும்மல் வர வேண்டும்? ஜலதோஷம் என்று கஷாயம் வைத்துக் குடித்தேன், கஷாயத்திலும் அதே வாசனை, சுக்கு! போதாததற்குக் கங்கா வேறு, மாமி, மாமாவுக்குப் புது ஜோலி சரியாயோ, பஜாரில கண்டல்லோ என்று, ஏதோ புது வேலை கிடைத்து அவரைப் பஜாரில் பார்த்த மாதிரி, கண்ணைச் சிமிட்டினாள். மறுநாள் வெயிலே இல்லாத வேளையில் குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு துப்பறியக் கிளம்பினேன். வழியில் பாதி பஜார் எங்கே மாமி இந்தப் பக்கம் என்று விசாரித்தது, அத்தனை ரகசியமாகப் போயிருக்கிறேன்.

போய்ப் பார்த்தால் ஒரு சுக்கு குடோன். உள்ளே மேஜை போட்டு உன் அப்பா. வாசலில் சுக்கு புடைத்துக்கொண்டிருந்த பேச்சி என்கிற திருநெல்வேலிப் பெண்ணிடம் அவர் யார் என்று கேட்டேன். அக்கா, அவரு எங்க கணக்கு ஸாரு, சம்பளமே வேண்டாம்னுட்டாரு, சாயாவும் பருப்புவடையும் மட்டுந்தான், தங்கமான மனுசன், வீட்லதான் பாவம் என்னமோ சரியில்ல போல என்றாள். ஆமாம் பாவம் என்று நானும் சொல்லிவைத்தேன். சம்பளம் வாங்கியிருந்தால்கூடப் பண ஆசை என்று விட்டிருப்பேன், என்னிடமிருந்து தப்பிக்க இனாமாக உழைக்கிறார் சுபா! அதுகூடப் போகட்டும், மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் என்னவோ கதை சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்து, தொப்பை குலுங்கச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பை நம் வீட்டில் நான் கேட்டதே இல்லை. குடையை இன்னும் தாழ்த்திக்கொண்டு திரும்பினேன். பேச்சி பின்னாலேயே வந்து, ரவிக்கை நீங்களே தச்சதாக்கா, எனக்கும் ஒண்ணு தச்சுத் தாங்க என்றாள்.

நேற்று மெஷின் திரும்பி வந்துவிட்டது, கங்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். சாயங்காலம் திரும்பி வந்த உன் அப்பா மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு வாசலிலேயே நின்று, என்ன பாக்யம் திடீர்னு என்றார். வீட்டில் பொழுது போகவில்லை, நீங்களாவது லைப்ரரிக்குப் போகிறீர்கள் என்றேன். உடனே கால் அலம்பப் போய்விட்டார். அதனால் சொல்கிறேன், உன் வேலையை விடாதே. சேர்ந்து இருக்கலாம், பேசிண்டிருக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னால், முதலில் ஒரு மாதம் அவர் பேசிக் காட்டட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, குடோன் விஷயத்தை அப்பாவிடம் கேட்டுவிடாதே. ராத்திரி சாப்பிடும்போது லைப்ரரியில் படித்ததென்று தினமும் எதையாவது புளுகுகிறார், நேற்று திமிங்கலத்தைப் பற்றி. நன்றாகத்தான் புளுகுகிறார். குட்டு உடைந்தால் அதுவும் நின்றுபோகும், எங்களுக்குள் பேச்சு என்று இருப்பது இப்போது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
தும்மல் நிற்காத உன் அம்மா
பாக்கியலக்ஷ்மி