பாகற்காய்ப் பெட்டியில் வந்த கடிதம்

கொமயாகுவா, ஹோண்டுராஸ்
அக்டோபர் 14

அன்புள்ள தாஜ்,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் மழையில் நனைந்து செத்துவிட்டது, தோட்டத்தில் டவரும் இல்லை. அதனால்தான் காகிதம். சிவப்புக் கயிறு கட்டிய பாகற்காய்ப் பெட்டியில் வைக்கிறேன். கடையில் நீயே பிரி.

நம் கடைக்கு வரும் பாகல், கத்திரி, அவரை எல்லாம் நான் பார்க்க வந்த இந்தத் தோட்டத்தில்தான் விளைகிறது. பறிக்கிறவர்கள் யாரும் பாகற்காயை வாயில் வைப்பதில்லை! சுற்றிலும் மலை, நடுவில் சட்டி மாதிரி சமவெளி. பாதி வீடுகளில் ஓர் ஆள் அமெரிக்காவில். அவர்கள் அனுப்பும் பணமும் இந்தக் காயும்தான் ஊரை ஓட்டுகிறது. தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரே பாலம். போன வாரம் அதில் தண்ணீர் ஏறி ஒரு லோடு அழுகிப்போனது. டிரைவர் ரொஹேலியோ பயப்படுகிறான். அடுத்த லோடுக்கு நானும் துறைமுகம் வரை கூடப் போகலாம் என்றிருக்கிறேன்.

ஆஃபீஃபாவுக்கு முத்தம்.
உன் மீரான் மைதீன்

எடிசன், நியூ ஜெர்சி
அக்டோபர் 22

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கல்லாவில் நின்றபடியே படித்தேன். ஆளுக்குச் சில்லறை கொடுக்கவே மறந்துவிட்டேன். "என்ன நிஷா, பேட் நியூஸா?" என்று காய் வாங்க வந்த மீனாக்ஷி ஆன்ட்டி பயந்துவிட்டார்.

தூறல் போட்டாலே பார்க்வேயில் எக்ஸிட் எடுத்து ஓரம்கட்டுகிற ஆள் நீங்கள். உங்களுக்கு எதற்கு லாரி? காய் அழுகட்டும். நம் ஓக் ட்ரீ ரோட்டில் பாகற்காய் கிடைக்காமல் யாரும் செத்துப்போக மாட்டார்கள். "இஸ் வாப்பா ஸ்கேர்ட்?" என்று மகள் கேட்கிறாள். இல்லை என்றேன். பயம் முழுக்க எனக்குத்தான்.

லாரியில் ஏற மாட்டேன் என்று எழுதுங்கள். இதை விதைப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

தாஜ் நிஷா

கொமயாகுவா
நவம்பர் 4

தாஜ்,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. எனக்கும் பயம்தான், இங்கே யாரிடம் சொல்ல? இந்த லோடும் அழுகினால் காய் பொறுக்கும் பெண்களுக்கு வேலை இல்லை என்று தோட்டத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். "அமெரிக்காக்காரர் ஏறினால் வண்டியை எடுக்கிறேன்" என்கிறான் ரொஹேலியோ. ஒரு கடையநல்லூர்க்காரனைப் பார்த்து!

நாளைக் காலையில் கிளம்புகிறோம். அதே சிவப்புக் கயிறு. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் பாலத்தைத் தாண்டிவிட்டோம் என்று வைத்துக்கொள். அப்புறமாவது நிம்மதியாகத் தூங்கு.

மீரான்

எடிசன்
நவம்பர் 13

மச்சான்,

கடிதம் வந்தது. தாண்டிவிட்டீர்கள் என்று கடையிலேயே ஓவென்று அழுதேன். ஆஃபீஃபாவைத் தூக்கிச் சுற்றினேன்.

அப்புறம் துறைமுக ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். ஐந்தாம் தேதி சாயங்காலமே அதே லாரியில் தோட்டத்துக்குத் திரும்பினீர்களாம். அன்று ராத்திரிதான் பாலம் போனதாம். லாரி தாண்டியதற்கு முன்னாலா பின்னாலா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் இன்னும் யாராலும் போகமுடியவில்லையாம்.

கிளம்பும்முன் அவர் போனிலிருந்து எனக்கு இரண்டு தடவை கூப்பிட்டீர்களாமே. நம்பர் புதிதாக இருந்தது மச்சான். ஸ்பாம் என்று கட் பண்ணிவிட்டேன். எடுத்திருந்தால் போகாதீர்கள் என்று சொல்லியிருப்பேனே.

இப்போது எந்த நம்பர் வந்தாலும் எடுக்கிறேன். கார் வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ், எல்லாரிடமும் ஹலோ சொல்கிறேன்.

ரோடு திறக்கும்வரை பார்சல் எடுக்க மாட்டார்களாம். இதைக் கல்லாவுக்குள் வைக்கிறேன். வந்து நீங்களே எடுத்துப் படியுங்கள்.

தாஜ்