வெளி டப்பாவில் இருந்த மழை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. மற்றதைக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அதற்கு வழியில்லை.

வெள்ளம் நின்ற கோடு கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு இன்னும் தெரிகிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் எட்டிப் பார்க்கிறது. உன் அப்பா இப்போது செருப்பைக்கூடப் பரண்மேல்தான் வைக்கிறார். காலையில் ஏணி போட்டுச் செருப்பை இறக்கி மாட்டிக்கொண்டு நடக்கப் போகிற மனிதரை நீ எங்கும் பார்த்திருக்க மாட்டாய். சிரித்துக்கொள், நானும் சிரித்தேன்.

உன் ஆய்வைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைத் தலைமையாசிரியை வெட்டி, பள்ளி அலுவலகத்தில் என் மேஜைக்கு மேலேயே ஒட்டிவிட்டார். நாற்பது நாள் வெயிலில் மண் கல்லாகிக் கிடந்தது, அதன்மேல் ஒரே நாளில் அந்த மழை கொட்டியது, இரண்டும் சேர்ந்துதான் ஊரை மூழ்கடித்தன. பூமி இப்படிச் சூடாகாமல் இருந்திருந்தால் மழை இவ்வளவு கனத்திருக்காது என்று நீங்கள் கண்டுபிடித்ததை நாலு தடவை படித்தேன். புகை மண்டிய உலகம் ஒன்று, புகையில்லாத உலகம் ஒன்று, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு மழையை ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று முன்பு விளக்கினாயே, அதுவும் நினைவுக்கு வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆய்வில் நம் பள்ளி மழைமானியின் அளவும் இருக்கிறது. நான் சொன்ன அளவு. அது தவறு.

அந்த மழைமானியை நீ சின்னதில் பார்த்திருக்கிறாய். உள்ளே ஒரு பாட்டில், அது நிரம்பி வழிந்தால் பிடித்துக்கொள்ள வெளியே ஒரு டப்பா. இரண்டில் இருப்பதையும் அளவு கிளாஸில் ஊற்றிக் கூட்ட வேண்டும். கனமழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அவர்கள் கீழ்த்தெருவில் சைரன் ஒலிக்கச் சொல்வார்கள். பதினோரு வருடமாக அலுவலக வேலையோடு இதையும் நான்தான் பார்க்கிறேன்.

போன வருடம் ஒரு கோடை மழையில் உள்ளதை உள்ளபடி தொண்ணூற்றாறு என்று சொன்னேன். ஏம்மா, எவனாவது வாளியோட ஊத்திட்டுப் போயிட்டானா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்குப் பின்னால் நாலு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்த அளவைச் சந்தேகத்துக்குரியது என்று அடித்தும்விட்டார்கள். அதை உங்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை, அவ்வளவு கூச்சம்.

வெள்ளத்தன்று மழை காலை ஒன்பது மணிக்குப் பிடித்தது. பன்னிரண்டு மணிக்கு அளந்தேன். பாட்டிலில் ஏழு கிளாஸ், அதாவது நூற்று நாற்பது. வெளி டப்பாவில் இன்னும் இரண்டரை கிளாஸ் இருந்தது, அது ஐம்பது. மூன்று மணி நேரத்தில் நூற்றுத் தொண்ணூறு என்று சொன்னால் மறுபடியும் சிரிப்பார்களே என்று நினைத்தேன். டப்பாவை அப்படியே மண்ணில் கவிழ்த்துவிட்டு நூற்று நாற்பது என்று போனில் சொன்னேன். நோட்டிலும் அதையே எழுதினேன்.

சைரன் ஒலித்தது மூன்று மணிக்கு, நான் அடுத்த அளவைச் சொன்ன பிறகு. கீழ்த்தெருச் சலவைக்கடைக்காரரை அதற்கு அரை மணி முன்பே வெள்ளம் கொண்டு போய்விட்டது. இன்னும் சைரன் ஒலிக்கவில்லை, நேரம் இருக்கிறது என்று மனைவியை மட்டும் மேட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊரார் துணியை அலமாரியின் மேல்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாராம். அதில் நம் வீட்டுப் போர்வைகள் இரண்டு இருந்தன. மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. நான் இன்னும் பிரிக்கவில்லை.

அவர் மனைவி சாயங்காலங்களில் நம் வீட்டுக்கு வந்து உட்காருகிறாள். போன வாரம், உங்க பொண்ணே பேப்பர்ல சொல்லிடுச்சே அக்கா, பூமி சூடானதுக்கு நாம என்ன பண்ண முடியும், நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போறீங்க என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். கால்வாயை மூடிக் கடை கட்டினவன் நிம்மதியா தூங்குறான், நீ எதுக்குடி கிடந்து உருகுறே என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். கால்வாயை மூடியவர்களுக்குப் பங்கு உண்டு, சிரித்தவர்களுக்கும் உண்டு. முழுப் பழியையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள எனக்கும் ஆசையில்லை. என் பங்கு அந்த மூன்று மணி நேரம், அதை வேறு யார்மேலும் போட முடியாது.

நாளை நானே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். அவள் அதற்குப் பிறகு நம் வாசலை மிதிப்பாளோ மாட்டாளோ, தெரியாது. வானிலை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நூற்று நாற்பதை அடித்துவிட்டு நூற்றுத் தொண்ணூறு என்று போடு. அளந்தவள் தவறு என்று அச்சில் வர வேண்டுமானால் வரட்டும், அம்மா என்று பார்க்காதே. சரியான அளவைப் போட்டால் மழை இன்னும் பெரிதாகிவிடும், சூட்டின் பங்கும் கூடலாம் என்று உனக்குத் தோன்றும். கூடட்டும். ஆனால் அதைக் காட்டி என் பங்கு குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அந்தப் புகையில்லாத உலகத்தை மறுபடி ஓடவிடும்போது என்னையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள். அங்கே வெளி டப்பாவுக்குத் தண்ணீரே வந்திருக்காதோ என்னவோ. அங்கே ஒருத்தி ஏழு கிளாஸை எண்ணி, இருந்ததை இருந்தபடி எழுதிவிட்டு, போகிற வழியில் சலவைக்கடையில் போர்வையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவளை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நீ நன்றாக இரு, கண்ணு. யார் சிரித்தாலும் வந்த எண்ணை வந்தபடி எழுதுகிற தைரியம் உனக்கு எப்போதும் இருக்கட்டும்.

உன் அம்மா