வழவழப்பான ஆறு நாற்காலிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருக்க வேண்டும், பயலின் சளி இந்நேரம் விட்டிருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். மூன்று தடவை எழுதி மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்கு இந்தக் காலத்தில் தாளும் பேனாவும் என்று நீ கேட்பாய். போன் எப்போதும் அம்மா பக்கத்தில்தான் இருக்கிறது, அவள் காதுக்கு எட்டாமல் இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியாது. இப்போதும் எதிரே கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறாள், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பேனா உரசும் சத்தம் கேட்டு, என்னங்க எழுதிட்டே இருக்கீங்க என்றாள். குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை, புகார் எழுதுகிறேன் என்றேன். நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க என்றாள். அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து அவளைப் பற்றியே எழுதுகிறேன், அவளுக்குத் தெரியவில்லை. பதறாமல் படி அம்மாடி. உன் அம்மாவுக்குக் கண் போய்விட்டது. நேற்றோ முந்தாநாளோ போனதல்ல, இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது. ஒரே வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்த எனக்கு அது போன மாதம்தான் தெரியும், அதுவும் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால்.

நம் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் ஆறும் உனக்கு நினைவிருக்கும், உன் அம்மாவின் அப்பா ஏதோ ஆபீஸ் மூடியபோது ஏலத்தில் எடுத்து அவளுக்குக் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்பே அவற்றுக்கு வயதாகியிருந்தது. இரண்டு வருஷம் முன்னால், எனக்கு நெஞ்சு வலி வந்து, அடைப்புக்கு ஸ்டென்ட் குழாய் வைத்துக்கொண்டு திரும்பிய சமயம், உன் அம்மா அவற்றில் நாலை மேஜையை விட்டு எடுத்து வீடு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டாள். படுக்கையறை வாசலில் ஒன்று, நடையில் திரும்பும் இடத்தில் ஒன்று, சமையலறைக் கதவோரம் ஒன்று, குளியலறைக்கு முன்னால் ஒன்று. இது வீடா, பஸ் ஸ்டாண்டா என்று கேட்டேன். கால் வலிச்சா உக்கார வேண்டாமா என்று என் வாயை அடைத்துவிட்டாள். நானும் போகிற வருகிற போதெல்லாம் முட்டியில் இடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தேன். பேப்பர் படிப்பதை நிறுத்தினாள், கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது என்றாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள், வயசாயிடுச்சு கிழவி என்று கேலி செய்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

போன மாதம் அவள் தம்பி வீட்டுக்குப் பதினெட்டு நாள் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். சரி, இதுதான் சமயம் என்று நான் நாற்காலிகளைக் கையில் எடுத்தேன். அடுத்த வருஷம் நீங்கள் வரும்போது எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், பயல் ஆடுகிற நாற்காலியில் ஏறி விழுந்துவிடக் கூடாது, அந்த நினைப்புதான். பழைய பசையை வெந்நீர்த் துணி சுற்றி இளக்கி, ஒவ்வொரு காலாகக் கழற்றி, மாறிப்போகாமல் பென்சிலால் எண் போட்டு, சுரண்டி, புதுப் பசை வைத்துக் கயிற்றால் முறுக்கிக் கட்டினேன். தெருமுனைத் தச்சர் ஒரு நாள் வந்து பார்த்தார். ஆட்டத்தை மட்டும் எடுத்துட்டு மேலாக ஒரு பாலிஷ் போடுங்க சார், இந்தத் தழும்பையெல்லாம் தொடாதீங்க, பழைய சாமானுக்கு அதுதான் லட்சணம் என்று அந்த மனிதர் சொன்னார். நான் கேட்டேனா. பாட்டில் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் பொறுக்கி எறிந்தவன் நான், என் வீட்டுச் சாமானில் ஓட்டை உடைசலை விட்டுவைப்பேனா என்று அவரிடம் பெருமையடித்தேன். பள்ளமெல்லாம் பட்டி வைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், முரட்டுத் தாள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் மாவு மாதிரித் தாள், விரல் நுனி தோல் உரியும் வரைக்கும். வார்னிஷ் மூன்று கை. ஒரு தூசி ஒட்டக் கூடாதென்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்துகொண்டு பூசினேன். முடித்துவிட்டு ஆறையும் மேஜையைச் சுற்றிப் போட்டேன். எது எந்த நாற்காலி என்று எனக்கே தெரியவில்லை, அப்படி ஒரு வழவழப்பு. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது தங்கம், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவள் தம்பி அவளை வாசலில் விட்டுவிட்டு, அவசரமென்று உடனே போய்விட்டான். நான் சின்னப் பையன் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு வா என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, இப்ப திறந்து பாரு என்றேன். ஆஹா, ரொம்ப நல்லா இருக்குங்க என்றாள். பார்த்ததோ ஜன்னல் பக்கம், அங்கே ஒன்றுமே இல்லை. கிண்டல் செய்கிறாள் என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. பதினெட்டு நாள் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். புடவை மாற்றிவிட்டு வருகிறேன் என்று நடந்தாள். நடையில் திரும்பும் இடத்தில் கையை நீட்டினாள், நாற்காலி இருந்த இடத்தில் நாற்காலி இல்லை. அப்படியே சுழன்று மேஜை விளிம்பில் மோதிக் கீழே விழுந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினால் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியின் மேல் விளிம்பை நல்ல கையால் தடவிக்கொண்டே இருந்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, திரும்பவும் முதலிலிருந்து. இது எதுங்க என்று கேட்டாள். எல்லாம் ஒண்ணுதான், ஆறையும் ஒரே மாதிரி ஆக்கிட்டேன் என்று சொன்னேன், அப்போதும் பெருமையாகவே சொன்னேன். அவள் அழுதாள். மணிக்கட்டு வலியில் அழுகிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் எல்லாம் வெளியே வந்தது. நீ ஒரு வயதில் நாற்காலியில் ஏறி நின்று அதன் முதுகைக் கடித்தாயே, அந்தப் பல் தடம் கையில் பட்டால் படுக்கையறை வாசல். இஸ்திரிப் பெட்டி சுட்ட பள்ளம் என்றால் நடை. கத்தி வெட்டு சமையலறை, நீளமாக வெடித்தது குளியலறை. இரண்டு வருஷமாக அந்தத் தழும்புகளை வைத்துத்தான் இந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள். தம்பி வீட்டுக்குப் போனதும் எனக்குத் தெரியாமல் கண் டாக்டரைப் பார்க்கத்தான். தம்பிக்குத் தெரியும், அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், எனக்கும் உனக்கும்தான் தெரியாது. நெஞ்சில் குழாய் வெச்சுட்டு வந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது என்றாளாம் அவனிடம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார் டாக்டர், போனது திரும்பாது என்றார். வலது கண்ணின் வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமாம், சொட்டு மருந்து போட்டு அதை இழுத்துப் பிடிக்கிறோம், ஆறு மாதம் நின்றாலே பெரிது. இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. பாட்டிலில் மயிரிழை கண்டுபிடித்த கண்ணாம் இது. எதிரில் உட்கார்ந்து சோறு போட்டவளைப் பார்க்கத் தெரியாத கண்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலிகளைப் பழைய இடங்களிலேயே போட்டேன். ஒன்றில் கயிறு கட்டினேன், ஒன்றில் பொத்தான் ஒட்டினேன், ஒன்றில் உன் பழைய ரிப்பனைச் சுற்றினேன். நல்லா இருக்குங்க என்று சொல்கிறாள், ஆனால் எழுந்து நடப்பதில்லை. என் கையைப் பிடித்தால்தான் குளியலறைக்கு வருகிறாள், அதற்கும் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். நேற்று காலை உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தி வெட்டை வெட்டிவிட்டேன், வெடிப்பையும் ஒருமாதிரி கீறிவிட்டேன். பல் தடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. உன் பால் பல்லை நான் எங்கே போய்த் தேடுவேன். உளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், என்னங்க சத்தத்தைக் காணோம் என்று அவள் உள்ளேயிருந்து கேட்கும் வரை.

உனக்குத் தெரியக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அங்கேயே தங்குவதற்கான உங்கள் காகிதம் கைக்கு வருவதற்குள் நீ அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அத்தனை வருஷப் பாடும் வீண், அதனால் சொல்லவே கூடாதாம். எனக்கும் அது தெரியாமல் இல்லை. வா என்று நான் எழுதவில்லை. வராதே என்று எழுதவும் மனசு வரவில்லை. பயலின் படம் நீ அனுப்பும்போதெல்லாம் மூக்கு உங்களை மாதிரிங்க, நெத்தி என்னை மாதிரி என்று வரிசையாகச் சொல்லுவாளே, அவ்வளவும் நீ போனில் சொன்னதை வைத்துக்கொண்டு சொன்னது. அவன் முகத்தை அவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. மிச்சமிருக்கிற அந்த ஓரத்து வெளிச்சத்தில் ஒரு முகம் தெரியுமா என்று டாக்டரிடம் கேட்டேன், பக்கத்தில் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினால் கொஞ்சம் தெரியலாம் என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, அதை உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பயலைத் தூக்கிக் காட்டினாய். அப்புறம் அவன் அழுதான் என்று அவசரமாக வைத்துவிட்டாய், அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. போன் இருண்டுவிட்டது. உன் அம்மா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அவன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும். நான் பக்கத்தில் நின்றேன், கட்டாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறான் பாருங்க என்றாள். ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளையிடம் முதுகு வலியை அலட்சியம் பண்ண வேண்டாம் என்று சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். இந்தக் கடிதம் வந்ததைப் போனில் வாய் தவறியும் சொல்லிவிடாதே. இன்னொன்று, மறக்காமல் செய்: இனிமேல் போனை வைக்கும்போது, வைக்கிறேன்மா என்று சத்தமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வை.

இப்படிக்கு
உன் அப்பா