மத்திப் பொட்டலத்துக்கு அடியில இருந்த பால்

அன்பு மகன் நௌஃபலுக்கு, உம்மா ஸலாம் சொல்லி எழுதுறது. அல்லாஹ் காவல்ல திரூர்ல நாங்க எல்லாரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், மஸ்கட்ல உனக்கும் அப்படியே இருக்கட்டும். போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு கேப்பே. போன்ல பேசினா உன் பெண்டாட்டி ஜஸீலா காதுல விழும், அதான். நாளைக்குப் புறப்படற கபீர் கையில நேந்திரங்காய் வறுவலோட சேத்துக் குடுத்து விடுறேன். நீ மட்டும் படி, படம் எடுத்து அவளுக்கு அனுப்பி வைக்காதே.

ஜஸீலா பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினதுலேருந்து மிஷினை வச்சுப் பால் எடுக்கறா. அங்கயும் எடுக்கறாளாம், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கிட்டு மறுபடியும் எடுக்கறா. எடுக்க எடுக்கத்தான் உம்மா ஊறும், விட்டா மாருல கட்டிக்கிட்டு அப்புறம் வத்திப் போயிடும்னு நாலு பெத்த எனக்கே பாடம் சொல்றா. நான் காச்சிக் குடுக்கற வெந்தயக் கஞ்சியை மிச்சம் வைக்காம குடிக்கிறா, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பையில ஊத்தி, தேதி எழுதி ஃப்ரீசர்ல அடுக்கற பால் எங்க போகுது? நம்ம குழந்தை இஹ்ஸான் குடிக்கிறதை விட வேகமாக் குறையுது. கோட்டக்கல்ல அவ தங்கச்சியும் பிள்ளை பெத்திருக்கா, பால் பத்தலைன்னு போன்ல அழுதா. எனக்குப் புரியாதா? சோதிக்கணும்னு மத்திப் பொட்டலத்தைப் பைகளுக்கு மேல, வால் கதவைப் பாக்கற மாதிரி வச்சேன். சாயங்காலம் பாத்தா வால் உள்பக்கம் திரும்பிக் கிடக்கு. கேட்டா, மீன் வாடை பால்ல ஏறும் உம்மா, வேற தட்டுல வைங்கன்னு எனக்கே புத்தி சொல்றா. எப்படிப் பேச்சை மாத்துறா பாரு.

இதுவரைக்கும் காலையில எழுதி மடிச்சு வச்சேன். அசர் தொழுதுட்டு எழுந்தா, அவ தலையில போட்ட தட்டத்துக்கு அடியில எதையோ மறைச்சுக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போறா. நானும் செருப்புப் போடாம பின்னாலயே போனேன். அவ நுழைஞ்சது பக்கத்து வீட்டு ரம்லாவோட அடுக்களையில. ரம்லா ஆபரேஷன் ஆகிக் கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியில கிடக்கறா, அவ கைக்குழந்தை ஹன்னா டின் பால் குடுத்தா வாந்தி எடுக்குது. ரம்லாவோட நாத்தனார் மடியில அது கண்ணை மூடிக்கிட்டு நம்ம வீட்டுப் பாலைக் குடிக்குது. ஏன்டி மறைச்சேன்னு ஜஸீலாவைப் பிடிச்சுக்கிட்டேன். ஹன்னா நம்ம இஹ்ஸானுக்குத்தான்னு நீங்க தொட்டிலைப் பாத்துப் பாத்துச் சொல்றீங்க, தெரிஞ்சா விட மாட்டீங்க, கல்யாணத்துக்கு இருபது வருஷம் இருக்கு உம்மா, அதுக்குப் பசி இன்னிக்குன்னா. வாய் எவ்வளவு நீளம் பாரு.

மறைச்சது தப்புதான் மகனே. ஒருத்தி பாலை அஞ்சு தடவை வயிறு நிறையக் குடிச்சா ரெண்டும் கூடப்பிறந்த மாதிரி, கல்யாணம் கட்டக் கூடாது. பாட்டில்ல குடுத்தாலும் அப்படித்தானான்னு பள்ளிவாசல் உஸ்தாத்கிட்ட கேட்டேன், அப்படித்தானாம். இது ஊரறியச் சொல்ல வேண்டிய காரியம். மூடி வச்சா நாளைக்கு யாராவது தெரியாம நிக்காஹ் பேசிடுவாங்க, நானே பேசியிருப்பேன். நம்ம பையனுக்குப் பத்துமான்னு எனக்கு இன்னும் நம்பிக்கை வரலை, தினம் அவன் தொடையைப் பிடிச்சுப் பாக்கறேன், இதுவரைக்கும் மெலியலை. இனிமே அந்தப் பையை நானே கொண்டு போறேன், அவ அவசரத்துல வழியில கொட்டிடுவா.

அல்லாஹ் உனக்கு ஆயுசும் பரக்கத்தும் தரட்டும். வெயில்ல தலையை மூடிக்கோ. ஒண்ணு மட்டும் மறக்காதே, பெண்டாட்டி பால் குடிச்ச பிள்ளைக்குப் புருஷனும் வாப்பாதான். அங்க யாராவது உனக்கு எத்தனை பிள்ளைன்னு கேட்டா, இனிமே ஒண்ணுன்னு சொல்லாதே.

உன் உம்மா
ஸைனபா