படத்தில் இருப்பவர்

போர்ட் எலன், ஐலா தீவு
ஏப்ரல் 9, 1996

எடின்பரோவிலிருந்து மனிதர்களைப் பஸ்ஸில் ஏற்றி உலகம் காட்டும் என் அண்ணன் மகள் ஷீனாவுக்கு, நாற்பது செம்மறிகளின் சக்கரவர்த்தியும் தீவரசர்களின் கடைசி வாரிசுமான உன் டூகல் சித்தப்பா ஆசிகளோடு எழுதுவது.

உன் கடிதம் வந்த அன்று அடித்த காற்றில் என் கிடா ஒன்று அயர்லாந்துவரை பறந்துபோய், மேய்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்பியது. அந்த அமளியில் பதில் தாமதம். போதாததற்கு கிரீன்லாந்துக்குக் கிளம்பும் காட்டு வாத்துகள் என்னிடம் விடைபெறாமல் போக மாட்டேன் என்கின்றன. முப்பதாயிரம் பேருக்கும் கைகொடுத்ததில் தோள் கழன்றுவிட்டது.

மே மாதம் பதினான்கு விருந்தாளிகளோடு வருகிறாயாம். விஸ்கி, நீர்நாய், கல்சிலுவை எல்லாம் மூன்றே நாளில். நடுவே, அந்தத் தீவரசர்கள் ஆண்ட ஃபின்லகன் ஏரிக்கரையில் நான் அரை மணி நேரம் கதை அளக்க வேண்டுமாம். அரை மணியில் நான் தொண்டையைத்தான் செருமி முடிப்பேன். போகட்டும், சம்மதம்.

ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் பஸ் உன் அப்பா வீட்டைத் தாண்டித்தான் போகிறது. பத்து நிமிடம் இறங்கி ஒரு வாய் தேநீர் குடி. உன் அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, அப்பாவும் மகளும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று நீ வருவதைச் சொன்னதும் நீல் அண்ணன் ஆட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்த வேலிக்கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டிருக்காளா?"

"வரிக்கு வரி உன்னத்தான் கேட்டிருக்கா அண்ணே!"

கொஞ்சம் உப்பு தூவினேன். சமையலில் அது தப்பில்லையே.

உன் மாட்சிமை தங்கிய சித்தப்பா,
டூகல்


எடின்பரோ
ஏப்ரல் 16, 1996

அன்புள்ள சித்தப்பா,

கதைக்கு ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வாத்துகளுக்கு என் வணக்கம். தோளுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், கிடாவுக்கும் மிச்சம் இருக்கும்.

தேநீருக்கு நேரமில்லை. நேரம் இருந்தாலும் இறங்க மாட்டேன். நான் எழுதாததை எழுதியதாக அவரிடம் சொல்லாதீர்கள். சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள்.

ஏரிக்கரையில் மழை பிடித்தால் ஒதுங்க இடம் உண்டா?

அன்புடன்,
ஷீனா


போர்ட் எலன்
மே 19, 1996

ஷீனாவுக்கு,

மகாராணி வந்து போனாய். உன் விருந்தாளிகள் என் கதைக்குக் கைதட்டிய சத்தத்தில் ஏரியின் மீன்கள் கடலுக்கு ஓடிவிட்டன. அதைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுதுவேன். ஆனால் வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது.

நீ திருத்தச் சொன்ன பொய்யை நான் திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை. உங்கள் பஸ் வீட்டைத் தாண்டி நிற்காமல் போனதும் அண்ணன் சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டை மாட்டினார். "வேலையில இருக்கா, நடுவுல இறங்க முடியுமா? நாமதான் போகணும்" என்றார். முப்பது வருஷம் உழைத்த விஸ்கி ஆலைக்குள் நுழைய அவர் டிக்கெட் வாங்கினார். டிக்கெட் கொடுத்த பெண்ணுக்கு அவரைத் தெரியாது.

உன் கூட்டத்தின் கடைசியில், அந்த நெட்டை ஜெர்மன்காரருக்குப் பின்னால் நாங்கள் இருவரும் நின்றோம். சுவரில் இருந்த படத்தைக் காட்டினாய். பார்லி பரப்பிய தரையில் மர மண்வெட்டியோடு சிரிக்கும் வாலிபன். வேலையின் நடுவே தினம் மூன்று வேளை ஆலையே சாராயம் ஊற்றிக் கொடுக்கும் என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பு மழைக்கோட்டு அம்மாள் கேட்டாள்: "இவரு இப்ப இருக்காரா?"

"இல்லீங்க. எப்பவோ போய்ட்டாரு" என்றாய்.

அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். டிக்கெட்டோடு கொடுத்த விஸ்கியைத் தொடாமல் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவர் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. நீ கேட்கவில்லை, அதனால் சொன்னதில்லை. வாசலில் என்னிடம், "நல்லாத்தான் பேசறா. அவ அம்மா குரல்" என்றார்.

பெற்ற தகப்பனை உயிரோடு புதைக்க எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாயடி?

டூகல்


எடின்பரோ
மே 27, 1996

சித்தப்பா,

நான் அவரைப் பார்த்தேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன். தொப்பியைப் போடும் முதுகு தெரிந்தது. யாரென்றும் தெரிந்தது. கூப்பிடவில்லை.

அந்த மூன்று வேளைச் சாராயத்துக்கு ஒவ்வொரு குழுவும் சிரிக்கிறது. நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது வேளை முடிந்து அவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் அம்மா என்னை மாடிப்படிக்கு அடியில் உருளைக்கிழங்குச் சாக்குகளோடு ஒளித்து வைப்பாள். எனக்கு ஒன்பது வயதில் அவள் மணிக்கட்டு உடைந்தது. பனியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். அது ஜூலை மாதம். தீவே தலையாட்டியது. அவளை மருத்துவரிடம் வண்டியில் கூட்டிப்போன நீங்களும்தான்.

படத்தில் சிரிப்பவரை நான் பார்த்ததே இல்லை. நான் பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார். அந்த அம்மாளிடம் நான் பொய் சொல்லவில்லை.

குடியை விட்டது நல்லது. அம்மா இல்லாத வீட்டில் விட்டிருக்கிறார்.

ஷீனா


போர்ட் எலன்
ஜூன் 8, 1996

ஷீனா,

உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் விடவில்லை. ஜூலை என்ற இடத்தில், "திரும்பப் படி" என்றார். படித்தேன். எழுந்துபோய் ஆடுகளைப் பார்த்துவிட்டு வெகுநேரம் கழித்து வந்தார்.

"அவ சொன்னது சரிதான். அத நான் பொய்யாக்கக் கூடாது" என்றார். "மறுபடி ஜனங்களக் கூட்டிட்டு வருவா. யாராச்சும் ரோட்டுல என்னப் பாத்து, படத்துல இருக்கிறவர் இவருதானேன்னு கேட்டா அவளுக்குத்தானே அவமானம்? வர்ற தேதியெல்லாம் கேட்டு எழுது. அன்னிக்கெல்லாம் நான் வெளிய வரல."

அதற்காகத்தான் எழுதுகிறேன். தேதிகளை அனுப்பு.

அந்த ஜூலையைப் பற்றி என் பங்குக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். மூன்றிலும் பனி பெய்துகொண்டே இருந்தது.

டூகல்


எடின்பரோ
ஜூன் 14, 1996

திரு. டூகல் மகெக்கர்ன் அவர்களுக்கு,

தேதிகள் தேவைப்படாது. அடுத்த பயணத்திலிருந்து எங்கள் குழு தீவின் வடக்குத் துறையில் இறங்கும். நீங்கள் இருக்கும் தெற்குப் பக்கம் வராது. வேறோர் ஆலையில் பேசியாகிவிட்டது. ஏரிக்கரையில் கதை சொல்லவும் அங்கேயே ஒருவர் கிடைத்திருக்கிறார். இதுவரை உதவியதற்கு நன்றி.

அவர் எல்லா நாளும் வெளியே வரலாம்.

இப்படிக்கு,
ஷீனா மகெக்கர்ன்
பயண மேலாளர்